குடல் அழற்சி உள்ள பிள்ளைக்கு நோய் புரிந்திருக்கிறதா? கேட்டறியும் முறை

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டிவிடும். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். தாளில் உடலின் வெளிக்கோட்டை வரைந்து கொடுத்து, "சாப்பாடு போற பாதையை வரைஞ்சு, புண் இருக்கிற இடத்துல கலர் அடி" என்று சொல்லுங்கள். குடல் அழற்சியில் ஒரு வகையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றால் பெருங்குடலில் மட்டும்தான் கலர் இருக்க வேண்டும். இன்னொரு வகையான கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம் என்பதால், அந்தப் பிள்ளையின் பரிசோதனை முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது மருந்து. பெயரை மட்டும் மனப்பாடமாகச் சொன்னால் போதாது. "வலியே இல்லாத நாள்ல இதை ஏன் போடணும்?" என்று கேளுங்கள். "வேண்டாம், அதான் சரியாயிடுச்சே" என்று பதில் வந்தால், முதலில் திருத்த வேண்டியது அதைத்தான். அறிகுறி அடங்கினாலும் உள்ளே அழற்சி தொடரலாம். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சட்டென நிறுத்துவது ஆபத்தும்கூட.

"இது உனக்கு ஏன் வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடியாவது பேசாமல் காத்திருங்கள். கண்டதைத் தின்றதால் வந்தது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயமெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பிள்ளை தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், மற்றதெல்லாம் அப்புறம். அன்றைக்கு அதை மட்டும் பேசுங்கள்.

பெற்றோர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் மதிப்பீடு கெட்டுவிடும். 12 வயதுக்கு மேல் சில நிமிடம் தனியாகப் பேசுங்கள். ஒரு விஷயத்தை விளக்கியதும், "உன் ஃப்ரெண்டுக்கு இதை எப்படிச் சொல்லுவே?" என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். பிள்ளை படம் வரைந்த தாளில் தேதி போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஒப்பிடலாம்.