செயின்சா வெட்டினால் முதல் சில நிமிடங்கள்: பையில் என்ன வேண்டும், கை எதைப் பழக வேண்டும்

மரம் அறுக்கும் இடத்தில் முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் தூரத்தில் நிற்கும் வண்டியைக் காட்டுவார்கள். திறந்தால் நாலு பிளாஸ்டர், கொஞ்சம் பஞ்சு, காலாவதியான ஒரு மருந்துக் குப்பி. முள் குத்தினால் சரி, செயின்சாவுக்கு இது போதவே போதாது.

கத்தி கீறுவது வேறு, செயின் கடிப்பது வேறு. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் பற்கள் சதையைப் பிய்த்து அள்ளிக்கொண்டு போகும். காயத்துக்குள் மரத்தூள், செயின் ஆயில், பேண்ட்டின் நூல் எல்லாம் சேர்ந்து கிடக்கும். வெட்டு அதிகம் விழுவது காலிலும் இடது கையிலும். கிக்பேக் அடித்து மெஷின் எகிறினால் முகம், கழுத்து, தோள். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து சேராது.

படி 1: பை இடுப்பில் இருக்கட்டும்

மெஷின் பிடிக்கும் ஒவ்வொருவரின் பெல்ட்டிலும் ஒரு சின்னப் பை. வலது கை, இடது கை இரண்டுக்கும் எட்டும்படி முன்பக்கம் மாட்டுங்கள். உள்ளே இவை போதும்: திருகும் குச்சி உள்ள டூர்னிகெட், அதாவது கை கால்களை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை, ஒன்று (இரண்டு இருந்தால் நல்லது), ரத்தத்தை உறையவைக்கும் மருந்து சேர்ந்த காஸ் (காயத்துக்குள் திணிக்கும் வலைத்துணி), காயத்தை அழுத்திக் கட்டும் ஒரு பிரஷர் பேண்டேஜ், நைட்ரைல் கையுறை, துணி வெட்டும் கத்தரி, மார்க்கர், விசில். ஃபாயில் போர்வை, கண் கழுவும் திரவம், முக்கோணக் கட்டு போன்றவை பெரிய பெட்டியில் பக்கத்தில் இருக்கட்டும்.

டூர்னிகெட்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவுப் போலிகளில் குச்சி திருகும்போதே வளையும், சிலது உடையும். இடுப்பு பெல்ட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்பதும் நம்பிக்கைதான்; தமனி அடைபடும் அளவுக்கு அதைக் கையால் இறுக்க முடியாது.

படி 2: வேலை தொடங்குமுன் இடத்தை எழுதுங்கள்

போனில் வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் காகிதத்தில் எழுதி எல்லோரிடமும் கொடுங்கள். வண்டி எதுவரை வரும், சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 3: வெட்டு விழுந்தால்

இன்ஜினை நிறுத்துங்கள். மேலே கிளை தொங்குகிறதா என்று ஒரு பார்வை. ஒருவர் போன் செய்யட்டும், இன்னொருவர் காயத்தை அழுத்தட்டும்.

கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சினால் உடனே டூர்னிகெட். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, உடம்பின் பக்கமாக, மூட்டின் மீது படாமல். காயம் சரியாகத் தெரியாவிட்டால் தொடையின் அல்லது புஜத்தின் உச்சியிலேயே போடுங்கள். முதலில் பட்டையைக் கையால் முடிந்தவரை இழுத்து இறுக்க வேண்டும். அது தளர்வாக இருந்தால் குச்சியை எத்தனை சுற்றுச் சுற்றியும் பயனில்லை. ரத்தம் நிற்கும்வரை திருகிக் கொக்கியில் மாட்டி, நேரத்தைப் பட்டையில் எழுதுங்கள். வலியில் அவர் அலறுவார், கழற்றச் சொல்லிக் கெஞ்சுவார். கழற்றாதீர்கள். 2 மணி நேரம் வரை பொதுவாக உறுப்பு தாங்கும். ரத்தம் நிற்கவில்லையா, முதல் டூர்னிகெட்டுக்கு மேல்பக்கத்தில் இன்னொன்று.

கவட்டை, அக்குள், கழுத்து இங்கெல்லாம் டூர்னிகெட் ஏறாது. காஸை ரத்தம் வரும் புள்ளியை நோக்கி விரலால் அடிவரை திணித்து, குழி நிரம்பியதும் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். மருந்து சேர்ந்த காஸ் என்றால் 3 நிமிடம், சாதாரணக் காஸ் என்றால் 10 நிமிடம். நின்றதா என்று இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. மார்பு, வயிற்றுக் காயத்தில் எதையும் திணிக்காதீர்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டவும் கூடாது.

உள்ளே இருக்கும் மரத்தூளைப் பொறுக்க வேண்டாம், அது மருத்துவமனை வேலை. படுக்கவைத்துப் போர்த்துங்கள், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது குறையும். தண்ணீர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரக் காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல்மேல் ஐஸ் நேராகப் படக் கூடாது.

படி 4: பயிற்சி

அமெரிக்காவின் மரம் வெட்டும் தொழிலுக்கான 1910.266 விதி, மேற்பார்வையாளர் உட்பட ஒவ்வொருவருக்கும் முதலுதவிப் பயிற்சி வேண்டும் என்கிறது. சரியான விதி. குழுவில் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவருக்கே வெட்டு விழுந்தால்?

நேரடி வகுப்புக்குப் போங்கள். பிறகு மாதம் ஒருமுறை நீங்களே பழகுங்கள். உட்கார்ந்து, ஒரே கையால், உங்கள் தொடையிலேயே டூர்னிகெட் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை கையுறையில் சோப்பு நீரைத் தடவிக்கொள்ளுங்கள். முதல் தடவை அப்படிச் செய்தபோது காஸ் பாக்கெட்டைக்கூட என்னால் கிழிக்க முடியவில்லை. விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. அன்றிலிருந்து கிழிக்கும் ஓரம் மேலே தெரியும்படிதான் பாக்கெட்டைப் பையில் வைக்கிறேன்.

பழக ஒரு டூர்னிகெட் தனியாக வேண்டும். திரும்பத் திரும்ப இறுக்கியதை வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது. காலாவதியான காஸை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். தடித்த ஸ்பாஞ்சில் ஆழமாக ஓட்டை போட்டுத் திணித்துப் பழக அதுவே போதும்.