சப்வூஃபர் கெட்டுவிட்டதா? பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று முடிவு செய்யும் முறை

பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரிலிருந்து ஒலி வராமல் போனாலும், வருகிற ஒலி கரகரத்தாலும், பலர் முதலில் விசாரிப்பது புதியதன் விலையைத்தான். ஆனால் பெட்டிக்குள் எது கெட்டிருக்கிறது என்று தெரியாதவரை எந்த விலையை வைத்தும் சரியான முடிவுக்கு வர முடியாது. வீடுகளில் உள்ள சப்வூஃபர்களில் பெரும்பாலானவை மரப்பெட்டி, அதில் பொருத்திய ஸ்பீக்கர், பின்புறத் தகட்டில் இருக்கும், ஒலிச் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் என்ற மூன்று பகுதிகளைக் கொண்டவை. இவை மூன்றும் ஒன்றாகக் கெடுவது அரிது. ஒன்று கெட்டதற்காக நன்றாக இருக்கும் மற்ற இரண்டையும் தூக்கி எறிவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் விற்பனையாளரிடமோ நிறுவனத்திடமோ கொண்டு செல்லுங்கள். முடிந்துவிட்டது என்றால், முதலில் குறை பெட்டிக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். சப்வூஃபருக்கு ஒலிச் சிக்னலை அனுப்பும் ரிசீவரின் அமைப்புகளில் சப்வூஃபர் அணைக்கப்பட்டிருக்கலாம். கேபிள் உள்ளே அறுந்திருக்கலாம். சப்வூஃபரின் ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டு, வேறொரு கேபிள் மூலம் கைபேசியையோ மடிக்கணினியையோ நேரடியாக இணைத்து, பாஸ் மிகுந்த இசையை ஒலிக்கவிட்டு, அளவை மெல்லக் கூட்டிப் பாருங்கள். ஒலி சரியாக வந்தால் சப்வூஃபரில் குறை இல்லை.

இடைவிடாத உறுமல் கேட்கிறது என்றால் சிக்னல் கேபிளை உருவிவிட்டுக் கவனியுங்கள். உறுமல் நின்றுவிட்டால் அது கேபிளின் குறையாகவோ, இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கிடையே உண்டாகும் சுற்றின் விளைவாகவோ இருக்கும். இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகினாலே பல வீடுகளில் இது சரியாகிவிடுகிறது. கேபிள் இல்லாதபோதும் உறுமல் தொடர்ந்தால், ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கிப் பகுதியில் உள்ள கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகங்கள்) தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சப்வூஃபரில் உள்ள விளக்கே எரியவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். அதே அளவும் அதே வகையும் கொண்ட ஃபியூஸை மட்டுமே போட வேண்டும்; புதியதும் உடனே எரிந்துபோனால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள், மூன்றாவதைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

ஸ்பீக்கரைச் சோதிப்பது எளிது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் விரல் நுனிகளை வைத்துச் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். ஓசையின்றிச் சென்று திரும்பினால் நல்லது; மணல்தாள் உரசுவது போன்ற சரசரப்பு கேட்டாலோ, கூம்பு அசைய மறுத்தாலோ, வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) எரிந்து வீங்கியிருக்கலாம், அல்லது நடுவிலிருந்து விலகியிருக்கலாம். அடுத்து, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு வளையத்தைப் பாருங்கள். அது ஃபோமால் ஆனதாக இருந்தால், அதிகம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலப்போக்கில் பொடிந்து உதிரத் தொடங்கும். ரப்பர் வளையம் அதைவிட நீண்ட காலம் தாங்கும். வளையம் மட்டும் கிழிந்திருப்பது மிக நல்ல செய்தி, ஏனெனில் அளவு பொருந்தும் புதிய வளையத்தை ஒட்டி அந்த ஸ்பீக்கரைக் குறைந்த செலவில் மீட்டுவிடலாம். கிழிந்ததைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் காயில் உரசி, சிறிய செலவு பெரிய செலவாகிறது. கடைசியாக, ஸ்பீக்கரின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அதன் மின்தடையை (ஓம்) அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 3 முதல் 4 ஓம் வரையும், 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7.5 ஓம் வரையும் காட்டும். அளவே காட்டவில்லை என்றால் காயிலோ அதற்குச் செல்லும் மெல்லிய பின்னல் வயரோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் காயில் எரிந்து ஷார்ட் ஆகியிருக்கிறது.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் ஒலி இல்லை என்றால் குறை ஆம்ப்ளிஃபயரில்தான். அதிர்வும் வெப்பமும் ஒருசேரத் தாக்கும் இடத்தில் இருப்பதால் முதலில் கெடுவது பெரும்பாலும் இதுவே. தலைப்பகுதி உப்பிய கெப்பாசிட்டர், விரிசல் விட்ட ஈயப்பற்று, தேய்ந்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போன்றவை தேர்ந்த மெக்கானிக் எளிதாகச் சரிசெய்யக்கூடியவை. மாறாக, சர்க்யூட் பலகை கருகியிருந்தாலோ, உதிரிபாகமே கிடைக்காத சிப் எரிந்திருந்தாலோ, அந்தப் பலகையோடு போராடுவதைவிட ஆம்ப்ளிஃபயர் தகட்டை முழுதாக மாற்றுவதே நல்லது. மின்செருகியை எடுத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். ஆகவே, மின்னணுப் பழுதுபார்ப்பில் பயிற்சி இல்லாதவர்கள் இந்தத் தகட்டைத் திறந்து உள்ளே கை வைக்கவே கூடாது.

காயில் எரிந்திருந்தால், அதை எரித்தது ஆம்ப்ளிஃபயராகவும் இருக்கலாம். பழுதான ஆம்ப்ளிஃபயர் ஒலிச் சிக்னலுக்குப் பதிலாக நேர்மின்சாரத்தை (DC) அனுப்பிக் காயிலைச் சூடாக்கிவிடும். அதைச் சோதிக்காமல் புதிய ஸ்பீக்கரைப் பொருத்தினால் அதுவும் சில நொடிகளில் போய்விடக்கூடும். எனவே, புதிய ஸ்பீக்கரை இணைக்கும் முன்பு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளந்து சொல்லும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இப்போது செலவைக் கணக்கிடலாம். உதிரிபாகம், கூலி, கொண்டு சென்று வரும் செலவு எல்லாம் சேர்ந்து, அதே தரத்திலான புதிய சப்வூஃபரின் விலையில் பாதிக்குள் அடங்கினால் பழுது பார்ப்பதே லாபம் என்பது பொதுவான கணக்கு. கடையில் கண்ணில் படும் மலிவான மாடலின் விலையோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கு தவறிவிடும். கனமான பெட்டியும் பெரிய காந்தமும் கொண்ட பழைய சப்வூஃபருக்காகப் பாதியைத் தாண்டிச் செலவிடுவதும் நியாயமே. அதன் ஸ்பீக்கர் நன்றாக இருந்தால், அதைத் தனி ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தும் பயன்படுத்தலாம், ஆனால் உயர் அதிர்வெண்களை வடிகட்டும் வசதி அந்த ஆம்ப்ளிஃபயரில் இருக்க வேண்டும். மெல்லிய பலகையால் ஆன சிறிய பெட்டியில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சேர்ந்தே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரம் ஏறிப் பலகை ஊதிப்போன பெட்டிக்கும் இதே முடிவுதான்.

ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவதென்றால் அங்குல அளவும் ஓம் அளவும் பொருந்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் குறிப்பிட்ட கொள்ளளவுள்ள பெட்டிக்கென வடிவமைக்கப்படுவதால், பொருந்தாத ஸ்பீக்கர் ஓட்டையில் சரியாக உட்கார்ந்தாலும் பாஸ் குழறும். அதே மாடலுக்குரியதைத் தேடுவது பாதுகாப்பானது.

சவுண்ட்பாரோடு வந்த கம்பியில்லாச் சப்வூஃபர் மட்டும் தனி வகை. அது பெரும்பாலும் தன் சவுண்ட்பாரோடு மட்டுமே பேசும். வேறு நிறுவனத்தின் சப்வூஃபரை அந்த இடத்தில் வைக்க முடியாது. ஆகவே முதலில் கையேட்டில் உள்ளபடி இரண்டையும் மீண்டும் இணைத்துப் பாருங்கள். அது பலிக்காவிட்டால், பழுது பார்க்கும் செலவை ஒப்பிட வேண்டியது புதிய சப்வூஃபரின் விலையோடு அல்ல, முழு சவுண்ட்பார் தொகுப்பின் விலையோடு. அதே மாடலின் சப்வூஃபர் பழைய பொருளாகத் தனியே கிடைத்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.