டிராப் வெயிட் மெஷின்ல ஷட்டில் பேட்டுக்கு கட் போட பழகுறது எப்படி?

கடையில பேட்டைக் கொடுத்து கட், அதாவது ஸ்ட்ரிங், போட்டு வாங்குற வரைக்கும் டென்ஷன்னா (ஸ்ட்ரிங்கோட இறுக்கம்) நமக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். 22 பவுண்டு போடுங்க, 24 போடுங்கன்னு சொல்லிட்டு வந்துடுவோம். சொந்தமா மெஷின் வாங்கின பிறகுதான் தெரியும், அந்த நம்பர்ல மெஷினோட பங்கு பாதிதான், மீதி கிளாம்ப்பும் (இழுத்த ஸ்ட்ரிங்கை நழுவாம பிடிச்சுக்கிற பிடி) பிரேமை மாட்டுற விதமும் நம்ம கைப்பழக்கமும். அதனால புது மெஷின்ல முதல்ல தேட வேண்டியது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர்றது. நம்பரைப் பத்தி அப்புறம் பார்த்துக்கலாம்.

நான் சொல்றது டிராப் வெயிட் மெஷினுக்கு, அதாவது கம்பியில எடை மாட்டி அது கீழ இறங்குறதால ஸ்ட்ரிங்கை இழுக்கிற வகை. பிரேமை ஆறு இடத்துல பிடிக்கும், கிளாம்ப் அடியில தண்டவாளத்துல நகரும். கிராங்க் மெஷின் (கைப்பிடியைச் சுத்தி இழுக்கிற வகை) வச்சிருக்கவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும், ஆனா கிராங்க்ல செட் பண்ண டென்ஷன் வந்ததும் லாக் ஆகிடும், அதுக்கப்புறம் ஸ்ட்ரிங் நீள நீள டென்ஷன் இறங்கும், டிராப் வெயிட்ல எடை விடாம இழுத்துகிட்டே இருக்கும். அதனால ரெண்டுலயும் 24 வச்சா கிராங்க்ல போட்டது கொஞ்சம் லூசாத்தான் இருக்கும்.

மேசையும் தராசும்

மெஷினை வைக்கிற மேசை ஆடக்கூடாது, சரிஞ்சும் இருக்கக்கூடாது. கொத்தனார் வச்சிருக்கிற ரசமட்டம் ஒண்ணு வாங்கிக்கோங்க, மேசைக்கும் ஆச்சு, கம்பி கிடைமட்டமா நிக்குதான்னு பார்க்கவும் ஆச்சு.

அடுத்து, கம்பியில இருக்கிற டென்ஷன் அளவுக் கோடுகளை அப்படியே நம்பாதீங்க. லக்கேஜ் தூக்கிப் பார்க்கிற டிஜிட்டல் தராசு போதும். சீல் பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையை மாட்டி தராசு சரியா காட்டுதான்னு முதல்ல பாருங்க. அப்புறம் தராசோட ஒரு முனையை பிரேம் மாட்டுற கம்பத்துல கட்டி, இன்னொரு முனையில தடிமனான ஸ்ட்ரிங் கட்டி, அதை மெஷினோட கிரிப்பர்ல (இழுக்கும்போது ஸ்ட்ரிங்கைக் கவ்வுற பகுதி) கொடுத்து எடையை இறக்குங்க. 20 பவுண்டுன்னா 9.1 கிலோ, 22ன்னா 10 கிலோ, 24ன்னா 10.9 கிலோ காட்டணும். வித்தியாசம் இருந்தா கம்பியில மார்க்கர்ல உங்க கோட்டை நீங்களே போட்டுக்கோங்க.

கம்பி சரியா கிடைமட்டத்துல நிக்கலன்னு நிறைய பேர் ஒரே ஸ்ட்ரிங்கை திரும்பத் திரும்ப இழுக்குறாங்க, அவ்வளவு பயப்பட வேண்டாம். 10 டிகிரி மேலயோ கீழயோ நின்னாகூட குறையுறது ஒண்ணரை சதவீதம்தான், 24 பவுண்டுக்கு அரை பவுண்டுகூட வராது. ரொம்ப கீழ போயிடுச்சுன்னா ஸ்ட்ரிங் தொளதொளன்னு இருந்திருக்குன்னு அர்த்தம், கம்பியைத் தூக்கிட்டு ஸ்ட்ரிங்கை இறுக்கிப் பிடிச்சு மறுபடி கொடுங்க. மேலயே நின்னுடுச்சுன்னா கொஞ்சம் தளர்த்திக் கொடுங்க. எப்படியா இருந்தாலும் கம்பியை டமால்னு விடக்கூடாது, கையால தாங்கி மெதுவா இறக்கணும்.

பிரேமை மாட்டுறது

பழைய ஸ்ட்ரிங்கை வெட்டுறதுக்கு முன்னாடி பேட்டோட ரெண்டு பக்கமும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, எந்த ஓட்டையை விட்டுட்டுப் போகுது, முடிச்சு எங்க இருக்குன்னு அப்புறம் அதைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கணும். வெட்டும்போது நடுவுல ஆரம்பிச்சு வெளிய போங்க, பாதி வெட்டிட்டு நிறுத்தாதீங்க. வெடிச்ச கிராமெட் (ஓட்டைக்குள்ள இருக்கிற சின்ன பிளாஸ்டிக் குழல்) இருந்தா இப்பவே மாத்திடுங்க, கூர்மையான விளிம்புல புது ஸ்ட்ரிங் சீக்கிரம் அறுந்துடும்.

மாட்டும்போது முதல்ல தலைப்பக்கமும் கழுத்துப்பக்கமும், அப்புறம்தான் பக்கவாட்டுக் கைகள். பக்கவாட்டுக் கை பிரேமைத் தொட்டா போதும், அமுக்கக் கூடாது. மெயின்ஸ், அதாவது நீளவாக்கு ஸ்ட்ரிங், முழுக்க இழுத்ததும் பிரேம் நீளத்துல சுருங்கி அகலத்துல விரியப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் அந்தக் கைகள். மாட்டின உடனே தலையோட அகலத்தை டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க, கடைசியில மறுபடி அளக்கணும்.

கிளாம்ப், இங்கதான் பொறுமை வேணும்

புது மெஷின்ல போட்ட பேட் சொத சொதன்னு இருந்தா எல்லாரும் எடையைத்தான் சந்தேகப்படுவாங்க. பெரும்பாலும் காரணம் கிளாம்ப் வழுக்குறதுதான்.

பெட்டியிலிருந்து எடுத்த கிளாம்ப்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல பஞ்சை நனைச்சு பற்களுக்கு நடுவுல துடைங்க. ஸ்ட்ரிங்கோட பூச்சும் போகப்போக அங்க படியும், அதனால இதை அப்பப்ப செய்யணும். அப்புறம் ஒரு ஸ்ட்ரிங்கை இழுத்து, கிளாம்ப் போட்டு, கிளாம்ப்பை ஒட்டி மார்க்கர்ல ஒரு புள்ளி வைங்க. இப்ப எடையைத் தூக்குங்க. கிளாம்ப் மொத்தமாவே ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் சாயும், அது இயல்பு, எல்லா மெஷின்லயும் இருக்கும். புள்ளி கிளாம்ப்பை விட்டு நகர்ந்தா ஸ்ட்ரிங் வழுக்குது, திருகை கால் சுத்து இறுக்குங்க. புள்ளி அப்படியே இருந்து கிளாம்ப் மட்டும் ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போனா அடியில பேஸ் வழுக்குது, தண்டவாளத்தைத் துடைச்சுட்டு பேஸை இறுக்கணும். ரெண்டும் வேற வேற வியாதி, ஒண்ணுக்கு இன்னொண்ணோட மருந்தைப் போட்டா ஸ்ட்ரிங் நசுங்கிடும். நசுங்கின இடம் வெளுத்துப்போய் தட்டையா தெரியும், விரல்ல தடவினாலே தெரியும், அந்த இடத்துலதான் பின்னாடி அறும். புள்ளி நகராத அளவுக்கு எது குறைஞ்ச இறுக்கமோ அதுதான் சரி. ஸ்ட்ரிங்கோட தடிமன் மாறினா இதையும் மாத்தணும், யோனெக்ஸ் ஸ்ட்ரிங்ல பிஜி65க்கு 0.70 மில்லிமீட்டர், பிஜி66 அல்டிமேக்ஸுக்கு 0.65, முன்னதுக்கு வச்ச இறுக்கம் பின்னதுக்கு பத்தாது.

மெயின்ஸ், கிராஸ்

பழகுறதுக்கு நான் சொல்றது யோனெக்ஸ் பிஜி65தான். தடிமனா இருக்கு, அடி தாங்கும். 200 மீட்டர் ரீல் வாங்கினா பேட்டுக்கு 10 மீட்டர் வச்சாலும் 20 பேட் போடலாம். பழகுற பேட்டுக்கு 20, 22 பவுண்டு போதும். பிரேம்ல அச்சடிச்சிருக்கிற உச்ச டென்ஷனை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீங்க. ஆரம்பத்துல ஸ்ட்ரிங்கை ரெண்டா வெட்டி நாலு முடிச்சு போடுற முறையே நல்லது, பாதிக்குக் கொஞ்சம் மேல மெயின்ஸுக்கு, மிச்சம் கிராஸுக்கு, அதாவது குறுக்கு ஸ்ட்ரிங்குக்கு.

நிறைய பேட்ல மெயின்ஸ் 22, அதாவது பக்கத்துக்கு 11. நடுவுலேருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழுங்க, ஒரு பக்கம் இன்னொண்ணை விட ரெண்டு மூணு ஸ்ட்ரிங்குக்கு மேல முந்தக் கூடாது. மெயின்ஸ் முடிச்சா பிரேம் மேல பளு உச்சத்துல இருக்கு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு அப்படியே விட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க.

கிராஸ் நெய்யுறது ஒயர் கூடை பின்னுற மாதிரிதான், ஒண்ணு மேல ஒண்ணு கீழ. இழுக்கிறதுக்கு முன்னாடியே அடுத்த வரிசையையும் நெய்து வச்சுக்கோங்க, இழுத்து இறுகின கிராஸுக்குப் பக்கத்துல நெய்யுறது கஷ்டம். நீளமான ஸ்ட்ரிங்கை உருவும்போது ஒரே இடத்துல சரசரன்னு இழுத்தா மெயின்ஸ் சூடேறி அறுபடும், மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இழுங்க. ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் விரல் நுனியால தடவிப் பாருங்க, தப்பா நெய்த இடம் கண்ணுல படுறதுக்கு முன்னாடி விரல்ல படும். கிராஸுக்கு மெயின்ஸை விட ஒண்ணு ரெண்டு பவுண்டு கூட வச்சா, விரிஞ்ச பிரேம் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

ஏற்கெனவே ஸ்ட்ரிங் இருக்கிற ஓட்டையில இன்னொண்ணை நுழைக்கணும்னா பலரும் குத்தூசியைத்தான் எடுக்கிறாங்க, எனக்கு அது பிடிக்காது, உள்ள இருக்கிற ஸ்ட்ரிங்கைக் கீறிடும். நுனியைச் சாய்வா வெட்டி நோஸ் பிளேயரால நசுக்கித் தள்ளினா முக்காவாசி ஓட்டையில போயிடும். காசு செலவு பண்ணணும்னா நல்ல ஸ்டார்ட்டிங் கிளாம்ப் (மெஷினோட சேராத, ஸ்ட்ரிங்கைத் தற்காலிகமா பிடிச்சு வைக்கிற கைக் கிளாம்ப்) ஒண்ணு வாங்குங்க. முடிச்சைக் கையால இறுக்குங்க, மெஷினால இழுக்காதீங்க, கிராமெட்டையே உள்ள இழுத்துடும்.

முடிச்சதும் பக்கவாட்டுக் கைகளை ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி, அப்புறம் தலையும் கழுத்தும். டேப் வச்சு அளந்து பாருங்க, ஆரம்பத்துல எழுதின அகலமும் இதுவும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும்.

பிறகு சேர்த்தது: மெல்லிய ஸ்ட்ரிங் போடும்போது கிளாம்ப் சரியா இருந்தும் கம்பி விடாம கீழ இறங்குதுன்னு சிலர் கேட்டிருந்தாங்க. அங்க வழுக்குறது கிரிப்பர். அதையும் ஸ்பிரிட்ல துடைங்க, டிரம் (உருளை) வகை கிரிப்பரா இருந்தா ஸ்ட்ரிங்கை இன்னொரு சுத்து சுத்திட்டு அப்புறம் வாயில கொடுங்க, நின்னுடும்.