டிராக் சைக்கிள் பந்தயம்: முதல் சீசனை எப்படித் தொடங்குவது?

சாலையில் வேகமாக ஓட்டுகிறவர்கள்கூட டிராக்கில், அதாவது வளைவுகள் சரிவாகச் சாய்ந்திருக்கும் வட்டப் பந்தயப் பாதையில், முதல் சில நாள் தடுமாறுவார்கள். டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது, பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட சைக்கிள்களில்தான் பத்து இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதனால் முதல் சீசனில் பதக்கத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். மற்றவர்கள் பயமில்லாமல் உங்கள் பக்கத்தில் ஓட்ட வேண்டும், அதுதான் இலக்கு. கீழே உள்ள படிகளை அந்தக் கணக்கில்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

படி 1: சைக்கிளும் கியரும்

சொந்தமாக வாங்க அவசரப்படாதீர்கள். கிளப்பிலோ மைதானத்திலோ இரவல் சைக்கிள் கிடைத்தால் அதிலேயே பழகலாம். ஒவ்வொரு முறை ஏறும்முன்னும் பின்சக்கர நட் இறுக்கமாக இருக்கிறதா, செயின் சரியான அளவு இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் லேசாக அசைய வேண்டும், தொங்கக் கூடாது. கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் தண்டை) மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றியபடி பார்ப்பது நல்லது. ஓரிடத்தில் தளர்வாகத் தெரியும் செயின் இன்னோரிடத்தில் இறுகி நிற்கும். ஓடும்போது செயின் கழன்றால் காலால் வேகத்தைக் குறைக்க வழியே இல்லை என்பதால் இதில் சோம்பல் கூடாது.

கியரைப் பொறுத்தவரை முன்பக்கப் பல்சக்கரத்தில் 48 பல், பின்பக்கத்தில் 15 பல் போதும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் 6.7 மீட்டர் போகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 75 முறையும், 45 கி.மீ.யில் 112 முறையும் சுழலும். இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கன்னா 2022-ல் ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது 65-க்கு 14 வைத்திருந்தார் என்று படித்துவிட்டுப் பெரிய கியருக்கு ஆசைப்படாதீர்கள். சின்ன கியரில் கால் சீராகச் சுழலப் பழகுகிறது, கூட்டத்தில் சட்டென்று வேகம் எடுக்கவும் அதுதான் கைகொடுக்கும். உங்கள் வயதுப் பிரிவுக்குக் கியர் வரம்பு இருக்கிறதா என்றும் கோச்சிடம் கேட்டுவிடுங்கள்.

படி 2: கோடுகளைப் படியுங்கள்

ஒலிம்பிக் அளவு டிராக் 250 மீட்டர். ஓட்டம் எப்போதும் இடஞ்சுழியாகத்தான். கறுப்புக் கோட்டில்தான் அந்த 250 மீட்டரை அளக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள வெளிர்நீலப் பட்டை பந்தயத்தில் ஓட்டுவதற்கான இடம் இல்லை. கறுப்புக்கு மேலே சிவப்புக் கோடு. கடைசி ஸ்பிரின்டில் (முழுவேகப் பாய்ச்சலில்) முன்னால் போகிறவர் சிவப்புக்குக் கீழே இருந்தால் அவரை உள்பக்கமாக முந்தக் கூடாது. இன்னும் மேலே இருப்பது நீலக் கோடு. பயிற்சியில் மெதுவாகப் போகிறவர்கள் அதற்கு மேலே போய்விடுவார்கள்.

இங்கே ஒரு கணக்கு. கறுப்புக் கோட்டிலிருந்து கிடைமட்டமாக அளந்து ஒரு மீட்டர் வெளியே ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட்டுகிறீர்கள். 40 சுற்றுப் பந்தயத்தில் அது ஒரு முழுச் சுற்றுக்குச் சமம்! பந்தயம் முழுக்க வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டவர் ஏன் கடைசியில் சோர்ந்துபோகிறார் என்று இப்போது புரியும்.

படி 3: சரிவில் ஏறுவது

250 மீட்டர் டிராக்கின் வளைவு 42 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கும். கீழே நின்று பார்த்தால் சுவர் மாதிரி தெரியும். முதலில் உள்பக்கச் சமதளத்தில் சுற்றி வேகத்தை 30 கி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். பிறகு நேர்ப்பகுதியில் கறுப்புக் கோட்டுக்கு ஏறுங்கள். வளைவு நெருங்கும்போது கால் தானாகத் தயங்கும், அந்த நொடியில்தான் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும். வேகம் போதவில்லை என்றால் டயர் வழுக்கும், பெடல் சரிவில் இடிக்கும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள், சைக்கிள் அந்தப் பக்கம் தானே திரும்பும்.

நிறுத்த வேண்டுமா? சரிவில் கொஞ்சம் மேலேறினால் வேகம் தானாகக் குறையும். அப்புறம் பெடல் சுழற்சியை மெல்ல எதிர்த்துக்கொண்டே கீழே வாருங்கள். காலைச் சட்டென்று நிறுத்தினால் பெடல் உங்களைத் தூக்கிவிடும். நெருக்கடியில் புதியவர்கள் மறப்பது இதைத்தான்.

படி 4: கூட்டத்தில் ஓட்டுவது

இதற்குத்தான் சீசனின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும். நாலைந்து பேர் ஒரே வரிசையில் போங்கள். முன்னால் போகிறவர் வளைவு தொடங்கும்போது வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டு மேலேறுவார், மற்றவர்கள் அவருக்குக் கீழாக ஓடிவிடுவார்கள், அவர் இறங்கி வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வார். இறங்கும் நேரம்தான் கடினம். கடைசி ஆள் கடந்தபின் இறங்க நினைத்தால் இடைவெளி விழுந்துவிடும். அவருடைய முன்சக்கரம் உங்கள் பக்கத்துக்கு வரும்போதே வேகத்தைப் பிடித்து இறங்கத் தயாராகுங்கள்.

உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் நிற்கக் கூடாது. அவர் அரை அடி விலகினாலும் விழப்போவது நீங்கள்தான். பார்க்காமல் மேலே நகராதீர்கள். முந்துவது எப்போதும் வெளிப்பக்கமாக.

படி 5: எந்தப் பந்தயத்தில் இறங்குவது

முதலில் ஸ்கிராட்ச். சுற்றுகள் முடியும்போது முன்னால் இருப்பவர் ஜெயிக்கிறார், அவ்வளவுதான். அடுத்து பாயின்ட்ஸ் பந்தயம்: பத்துச் சுற்றுக்கு ஒரு ஸ்பிரின்ட், முதல் நால்வருக்கு 5, 3, 2, 1 புள்ளி, கடைசி ஸ்பிரின்டில் இரட்டிப்பு. கூட்டத்தைவிட ஒரு முழுச் சுற்று முந்தினால் 20 புள்ளி. எல்லா ஸ்பிரின்டிலும் பாயாதீர்கள். இரண்டைத் தேர்ந்தெடுத்து அதில் மட்டும் முழு மூச்சாக ஓட்டிப் பாருங்கள்.

எலிமினேஷன் பார்க்க ஜாலியாக இருக்கும். 250 மீட்டர் டிராக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசி ஆள் வெளியேறுவார், அதை முடிவு செய்வது பின்சக்கரம். நிறைய பேர் முதலிலேயே பெயர் கொடுக்கிறார்கள். கூட்டத்தில் ஓட்டும் பழக்கம் வருவதற்குமுன் இதில் இறங்குவது எனக்குப் பிடிக்காது. கீழே கறுப்புக் கோட்டில் அடைபட்டுக்கொண்டால் கால் தெம்பாக இருந்தும் வெளியேற வேண்டியதுதான். இருவர் ஒரே அணியாக, கையைப் பிடித்துத் தள்ளி மாறி மாறி ஓட்டும் மேடிசனை அடுத்த சீசனுக்கு வையுங்கள்.

ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் என்ன கியர், கூட்டத்தில் எங்கே இருந்தீர்கள், எந்தச் சுற்றில் இடைவெளி விழுந்தது என்று எழுதி வையுங்கள். கடைசிச் சுற்று மணி அடித்தபின் கால் இதற்குமேல் வேகமாகச் சுழலாது என்ற நிலை திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் 48-ஐ 49 ஆக்குங்கள். அதுவரை 48-ஏ இருக்கட்டும்.