பி.எச்டி இல்லாமல் ஆய்வகத்துக்குள் போவது எப்படி?

எம்.எஸ்சி முடிக்கப் போகிறவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பலரும் பி.எச்டி என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "ஆராய்ச்சி பிடிக்கும், அதுக்கு வேற வழி இல்லையே" என்கிறார்கள். வழி இருக்கிறது. நான் எம்.எஸ்சி வேதியியலோடு நிறுத்திவிட்டு ஒன்பது வருடமாக ஆய்வகத்தில்தான் வேலை பார்க்கிறேன்.

முதலில் வயதைப் பாருங்கள், நன்றாகப் படிக்கிறவர்கள்கூட இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்குப் பொதுப் பிரிவில் 26 வயதுதான் வரம்பு. பி.இ. அல்லது எம்.எஸ்சியில் 60 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் ஒரு வருடப் பயிற்சி, அதை முடித்தால் சயின்டிஃபிக் ஆபீசர் வேலை. கல்பாக்கத்திலும் அந்தப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. பி.எச்டி சீட்டுக்காக மூன்று வருடம் அலைந்துவிட்டு இந்த அறிவிப்பைப் பார்த்தால் வயது தாண்டியிருக்கும். இஸ்ரோவில் பி.இ. 65 சதவீதத்தோடு விஞ்ஞானி வேலைக்கே தேர்வு எழுதலாம், அங்கே வயது வரம்பு 28. பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ, கேட் (GATE) நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்க்கும். மூன்றிலும் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது.

பி.எஸ்சி, டிப்ளமோ முடித்தவர்கள் சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு அறிவியல் அமைப்பின் ஆய்வகங்களில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலையைக் குறிவையுங்கள், அடிப்படைச் சம்பளம் 35,400. காரைக்குடியில் மின்வேதியியலுக்கு சிக்ரி, அடையாற்றில் தோல் ஆராய்ச்சிக்கு சிஎல்ஆர்ஐ, தரமணியில் கட்டமைப்புப் பொறியியலுக்கு எஸ்இஆர்சி. ஒவ்வொன்றும் தன் இணையதளத்தில் தனித்தனியாக அறிவிப்பு போடும், அதனால் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட வேண்டும். முதல் வகுப்போடு அனுபவமும் கேட்பார்கள்.

சரி, அனுபவத்துக்கு எங்கே போவது? ஆய்வகங்களின் ப்ராஜெக்ட் வேலைக்குத்தான். ஒப்பந்த வேலை, ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. அதனால் அந்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் ஒரு கருவியையாவது முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஐந்து கருவிகளின் பெயரை பயோடேட்டாவில் அடுக்குவதைவிட இதற்கு மதிப்பு அதிகம். எனக்கு அது எலக்ட்ரான் நுண்ணோக்கி. அதில் பார்க்க வேண்டிய பொடியை கார்பன் டேப்பில் மிக மெல்லிசாகத் தூவ வேண்டும், ஒட்டாததை ஊதித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெற்றிடத்தில் அது பறந்து கருவிக்குள் படியும். மின்சாரம் கடத்தாத பொருள் என்றால் தங்கப் பூச்சு கொடுக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "படம் வெள்ளையா பூத்துப் போனா என்ன செய்வீங்க?" மின்னூட்டம் தேங்குவதால் அப்படி ஆகிறது, வோல்டேஜைக் குறைத்துப் பார்ப்பேன், போகாவிட்டால் வெளியே எடுத்து மறுபடி பூச்சு கொடுப்பேன் என்றேன். இந்தப் பதில் புத்தகத்திலிருந்து வரவில்லை, என் நோட்டிலிருந்து வந்தது. தேதி, சாம்பிள், வோல்டேஜ், எது சொதப்பியது, எப்படிச் சரியானது என்று தினமும் எழுதி வையுங்கள்.

ஜப்பானின் கோயிச்சி தனாகா பொறியியல் இளநிலைப் பட்டத்தோடு ஷிமட்ஸு என்ற ஆய்வுக் கருவி நிறுவனத்தில் சேர்ந்தவர். கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரின் கலந்துவிட்டது, கொட்டாமல் அதையே சோதித்துப் பார்த்தார். அங்கிருந்து வந்த கண்டுபிடிப்புக்குத்தான் 2002இல் வேதியியல் நோபல் பரிசு. எனக்குத் தளர்ச்சி வரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

மருந்து நிறுவனங்களின் தரச் சோதனை, கிளினிக்கல் டிரையல் (மருந்தை மனிதர்களிடம் சோதிப்பது) ஒருங்கிணைப்பு, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசுவது) இதிலெல்லாமும் முதுநிலைப் பட்டத்தோடு நுழையலாம்.

அப்புறம் ஒரு உண்மை. சொந்தமாக ஆய்வுக் குழு நடத்தவும் பேராசிரியர் ஆகவும் ஆசை இருந்தால் பெரும்பாலும் பி.எச்டி வேண்டியிருக்கும். அது இல்லாதவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் நன்றிப் பகுதியோடு நின்றுபோவதும் நடக்கிறது, எனக்கும் இரண்டு முறை நடந்தது. இப்போதெல்லாம் வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: "சார், அளவீடும் பகுப்பாய்வும் நான் செஞ்சா ஆசிரியர் பட்டியல்ல என் பேர் வருமா?" தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.