ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2: மார்பகக் கட்டி ரிப்போர்ட்டைக் கெடுக்கும் தவறுகள்

மார்பகக் கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதம்), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை ஏற்கும் புரதம்), ஹெர்-2 (செல்களைப் பெருகத் தூண்டும் புரதம்) என்று மூன்று வரிகள் இருக்கும். கட்டியின் செல்களில் எந்தெந்த மரபணு வேலை செய்து புரதம் உண்டாக்கியிருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. ஹார்மோன் வழியை அடைக்கும் மாத்திரையா, ஹெர்-2 புரதத்தைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியா என்பது பெரும்பாலும் இவற்றை வைத்தே முடிவாகிறது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆபரேஷன் முடித்து, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கு ரிப்போர்ட்டோடு போகும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெரிய தவறு நடப்பது ஆபரேஷன் தியேட்டர் வாசலில். வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் திரவமான, 10 சதவீத பஃபர் கலந்த ஃபார்மலினில் இறங்கிவிட வேண்டும். சலைனில் போட்டு வைப்பது பதப்படுத்தல் ஆகாது. ஃபார்மலின் திசுவைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். முழு மார்பகத்தை அப்படியே டப்பாவில் அமுக்கி வைத்தால், கொழுப்பைத் தாண்டி நடுவில் இருக்கும் கட்டிக்கு ஃபார்மலின் போய்ச் சேராது. மேல்பகுதி கெட்டிப்பட்டிருக்க, உள்ளே புரதம் சிதையும். அதனால் முதலிலேயே கட்டியின் குறுக்கே 5 முதல் 10 மில்லிமீட்டர் கனத்தில் கீறிவிட வேண்டும். திங்கள் வரை டப்பாவிலேயே கிடக்கக்கூடும் என்பதால், சனிக்கிழமை மாலை எடுத்த திசுவுக்கு இது இன்னும் முக்கியம். ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது.

ஈ.ஆர். நெகட்டிவ் என்றதும் அப்படியே ஒப்புக்கொள்வதும் தவறு. பருவமடையும்போது பால் நாளங்களை வளரச் செய்வது ஈஸ்ட்ரோஜன். அதை ஏற்கும் ஈ.ஆர். புரதம் நல்ல நாளத்தின் உள்வரிசைச் செல்கள் சிலவற்றில் எப்போதும் உண்டு. ஸ்லைடில் கட்டிக்குப் பக்கத்திலுள்ள நல்ல நாளத்தில் ஆங்காங்கே செல்கள் பழுப்பாகத் தெரிந்தால், சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது. அங்கும் நிறமே பிடிக்கவில்லை என்றால் அந்த நெகட்டிவை நம்பக் கூடாது. வேறு பிளாக்கில் (திசுவை மெழுகில் பதித்து வைத்த துண்டு) திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சதவீதச் செல்களில் நிறம் பிடித்தாலே பாசிட்டிவ்தான்; 1 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று எழுதுவார்கள்.

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் உடம்பில் ஹார்மோன் கூடிப்போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. நல்ல நாளத்தில் ஈ.ஆர். உள்ள செல்கள் பெரும்பாலும் தாங்கள் பெருகாமல், பக்கத்துச் செல்களுக்குச் சமிக்ஞை அனுப்பும். கட்டியிலோ அதே செல்களே பெருகத் தொடங்கிவிடுகின்றன. டமோக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை அந்த வழியைத்தான் அடைக்கிறது. ஆகவே பாசிட்டிவ் என்பது சிகிச்சைக்கு நல்ல செய்தி.

ஹெர்-2 வரியில் நிறம் பிடித்த அளவு 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு தெரியவில்லை என்றே பொருள். மரபணுவின் நகல்கள் பெருகியிருக்கின்றனவா என்று ஃபிஷ் சோதனை பார்க்காமல் ஊசியைத் தொடங்குவதும் தவறு, வேண்டாம் என்று விடுவதும் தவறு. பி.ஆர்.சி.ஏ. சோதனை வேறு, பரம்பரையாக வரும் மாற்றத்தை ரத்தத்தில் பார்ப்பது.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்லைடை மட்டும் வாங்காதீர்கள், மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பிளாக்கிலுள்ள எண்ணும் ரிப்போர்ட்டிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகும். நிறமேற்றாத ஸ்லைடுகளை 6 வாரத்துக்குள் சோதிக்க வேண்டும். நோய் திரும்ப வந்தால் பழைய ரிப்போர்ட்டை வைத்தே மருந்து கேட்காதீர்கள். புதுக் கட்டியில் இந்த மூன்றும் மாறியிருக்கலாம், எடுக்க முடிந்தால் மறுபடியும் பயாப்ஸி எடுத்துப் பார்க்க வேண்டும்.