தேக்கடியில் எல்லோரும் செய்கிற தப்புகள்

தேக்கடி போய்வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது, "போட்டில் போனோம், ஒரு புலிகூடக் கண்ணில் படலை." பெரியாறு புலிகள் காப்பகம் என்று பெயரில் புலி இருப்பதால் வருகிற வினை இது. 1978-லேயே புலிகள் காப்பகம் ஆன காடுதான், புலியும் இருக்கிறது, ஆனால் 925 சதுர கிலோமீட்டர் காட்டில் நம்முடைய ஒன்றரை மணி நேரப் படகுக்காக அது கரையில் வந்து நிற்குமா? யானை, காட்டுமாடு, மிளா, அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய் என்று எதிர்பார்த்துப் போங்கள். கோடையில் உள்காட்டில் தண்ணீர் வற்றும்போது இவை கரைக்கு வருவது அதிகம்.

குமுளியில் இறங்கி டிக்கெட் பார்த்துக்கொள்ளலாம் என்பது அடுத்த தப்பு. முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், அதுவும் காலை முதல் படகு. மத்தியான வெயிலில் போனால் ஏரியும் செல்ஃபியும்தான் மிச்சம். சொந்த வண்டியில் படகுத்துறை வரை போக முடியாது, ஆனவச்சாலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில்தான் போகவேண்டும். அந்த வரிசைக்கும் சேர்த்து நேரம் வைக்காமல் வந்து, படகு நகர்வதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் நிறைய (ஒரு தடவை நாங்களும்).

படகில் யாராவது "யானை, யானை!" என்றதும் மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் எழுந்து ஓடும். இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. போட்டோ நன்றாக வரவில்லை என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விலங்கு எதுவும் வராத நேரத்தில் தண்ணீருக்கு நடுவே நிற்கிற மொட்டை மரங்களைப் பாருங்கள். பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அதன்மேல் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். இது இயற்கை ஏரி இல்லை. 1895-இல் பென்னிகுவிக் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிப்போன காட்டின் மிச்சம்தான் அந்தக் கட்டைகள். இந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தேனிப் பக்கம் இறங்குவதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. அணைக்குச் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள், அதைக் கேட்டு அலையவேண்டாம். ஆனால் தேனியிலிருந்து வருகிறவர்கள் லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மலை ஏறுவதை என்னால் ஏற்க முடியவில்லை, பத்து நிமிஷம் இறங்கினால்தான் என்ன?

படகுச் சவாரியோடு முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவதுதான் என் கணக்கில் பெரிய தப்பு. மூங்கில் தெப்பப் பயணம் இருக்கிறது, பாதி நடை, பாதி துடுப்பு, கிட்டத்தட்ட முழு நாள். கூட வருகிற வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் பட்டை உரித்துக் கடத்தியவர்கள். மனந்திருந்தி வனத்துறையோடு சேர்ந்தவர்கள், அதனால் ஒரு கால்தடத்தைக் காட்டி அவர்கள் சொல்வது வேற லெவல். செருப்பு, பளிச் சிவப்புச் சட்டை, சென்ட் மூன்றும் வேண்டாம். அட்டைக்கு அவர்கள் தருகிற சாக்ஸை வெட்கப்படாமல் முழங்கால் வரை இழுத்துக் கட்டுங்கள்.

சாயங்காலம் குமுளியில் கதகளி பார்க்கிறவர்கள் சரியாக ஷோ நேரத்துக்குப் போகிறார்கள். அரை மணி முன்னாடி போங்கள், ஒப்பனையைப் பக்கத்திலிருந்து பார்க்க விடுவார்கள். பச்சை முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஏறுவதைப் பார்த்த பிறகு ஆட்டமே வேறாகத் தெரியும். கண் ரத்தமாகச் சிவந்திருப்பது சாயத்தால் இல்லை, சுண்டை இனச் செடி ஒன்றின் பூவிலிருந்து எடுத்த சின்ன விதையை இமைக்குள் வைப்பதால்.

அப்புறம் மங்கலதேவி கண்ணகி கோயில். எந்த மாதம் போனாலும் பார்க்கலாம் என்று நினைத்து வருகிறார்கள். வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி, அன்று பகலில் மட்டும்தான் திறப்பு. குமுளியிலிருந்து ஜீப், கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து செங்குத்தான காட்டு நடை. ஜீப் வரிசை விடியும் முன்பே நீண்டுவிடும். பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.